ஏற்கெனவே நிரம்பியிருந்த கட்டம்

அத்தை அனுப்பிய படத்தை நான் பார்த்தபோது மணி பத்து பன்னிரண்டு. அவர் அனுப்பியது ஒன்பது இருபதுக்கு. இடையில் ஐம்பத்திரண்டு நிமிடம் நான் ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து, திரையில் வரும் ஒரு பொத்தான் நீலமாக இருக்கவேண்டுமா பச்சையாக இருக்கவேண்டுமா என்று நான்கு பேர் அடித்துக்கொள்வதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பொத்தானை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

குடும்பக் குழுவில் வந்திருந்த படம் அது. ஆஸ்பத்திரி வரவேற்பறையில், அச்சடித்த ஒரு தாளைக் கையில் பிடித்துக்கொண்டு அத்தை நிற்கிறார். முகத்தில், நாளைக்கே தேர்தலில் நிற்கப் போகிறவர் மாதிரி ஒரு சிரிப்பு. கீழே, 'நம்ம பொண்ணு செஞ்ச ஃபாரம். ஒரு பிழை கிடையாது' என்று எழுதியிருந்தார். அத்தை நீதிமன்றத்தில் முப்பத்தொரு வருடம் தட்டச்சு செய்து ஓய்வு பெற்றவர். கல்யாணப் பத்திரிகை கொடுத்தால்கூட முதலில் எழுத்துப்பிழை பார்த்துவிட்டுத்தான் மாப்பிள்ளை யார் என்று கேட்பார். அவர் வாயால் 'பிழை கிடையாது' என்று வருவது எனக்குப் பதக்கம் கிடைத்த மாதிரி. சொந்தக்காரர்கள் பதினோரு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள்.

நானும் தூக்கப் போனேன். எதற்கும் தாளைப் பெரிதாக்கிப் பார்ப்போம், நம் படிவம் அச்சில் எப்படி வந்திருக்கிறது என்று விரலால் இழுத்தேன். வயது அறுபத்தெட்டு. பித்தப்பைக் கல். அறுவைச் சிகிச்சை இன்று காலை பதினொரு மணி. அதற்குக் கீழே ஒரு வரி.

மருந்து ஒவ்வாமை: ஏதும் இல்லை.

இன்னும் பெரிதாக்கிப் பார்த்தேன். அதேதான்.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது அத்தைக்குத் தொண்டையில் புண் வந்து காய்ச்சல் அடித்தது. மருத்துவர் ஒரு பென்சிலின் ஊசி போட்டார். நானும் கூடப் போயிருந்தேன். வாசற்படி இறங்குவதற்குள் அத்தையின் உதடு வீங்கிவிட்டது. என்னவோ சொல்ல வந்தார், குரல் வரவில்லை. முகம் கறுத்துக்கொண்டே போனது. மாமா அவரைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த வழியே ஓடினார். மயிரிழையில்தான் பிழைத்தார். இன்னொரு முறை அந்த மருந்து உடம்பில் ஏறினால் இதைவிட மோசமாகும், உயிர் தங்காது என்று அன்றைக்கே சொல்லி அனுப்பினார்கள். மற்ற வீடுகளில் பிள்ளைகளுக்குப் பூச்சாண்டி காட்டுவார்கள் என்றால் எங்கள் வீட்டில் பென்சிலின். பிறந்தநாளை மறந்தாலும் அந்தப் பெயரை எங்களில் ஒருவரும் மறக்கமாட்டோம்.

அறுவைச் சிகிச்சைக்கு முன்னால், சீழ் பிடிக்காமல் இருக்க ஒரு ஊசி மருந்து ஏற்றுவார்கள். பெரும்பாலும் அந்த வகை மருந்துதான். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த ஆஸ்பத்திரிக்குப் படிவம் செய்தபோது அங்கிருந்த மருத்துவரே சொன்னார். 'இந்த ஒரு கேள்விக்காகத்தாம்மா ஃபாரமே. மத்ததெல்லாம் அலங்காரம்' என்றார்.

அத்தைக்கு அழைத்தேன். ஃபோன் அணைக்கப்பட்டிருந்தது. மாமாவுக்கு அழைத்தேன். அதுவும் அணைக்கப்பட்டிருந்தது. மாமா சட்டம் தவறாத மனிதர். 'கைப்பேசியை அணைக்கவும்' என்று எங்கேயாவது எழுதியிருந்தால் அணைத்துவிட்டு, அணைத்தேனா என்று இன்னொரு தரம் எடுத்துப் பார்ப்பார். ஆஸ்பத்திரி எண்ணில் புல்லாங்குழல் வாசித்தார்கள். நடுநடுவே ஒரு பெண், 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்' என்று பொய் சொன்னாள்.

அத்தை மறந்திருப்பார் என்ற பேச்சுக்கே இடமில்லை. அப்படியென்றால் படிவம்தான். என் படிவம்.

படத்தை மறுபடி பார்த்தேன். அத்தையின் தோளுக்குப் பின்னால் வரவேற்பறைக் கணினி தெரிந்தது. தடித்த திரை, மேலே சாம்பல் நிறப் பட்டை. பத்து வருடத்துக்கு முந்திய பிரவுசர்.

"பூட்டு!" என்று கத்தினேன்.

பூட்டு எங்கள் அலுவலகத்தில் சர்வரைக் காப்பவன். கடவுச்சொல், சாவி, அலமாரி, எதையும் திறந்து வைத்துப் பழக்கமில்லாதவன், அதனால் அந்தப் பெயர். தன் மதியச் சாப்பாட்டு டப்பாவுக்கே ஒரு பூட்டுப் போட்டிருப்பான். எதிர் மேசையிலிருந்து தலையைத் தூக்கினான்.

"ஆஸ்பத்திரி ஃபாரம். பழைய பிரவுசர். ஒவ்வாமைக் கட்டம் காலியா வருது. என் அத்தை உள்ள இருக்காங்க. பதினோரு மணிக்கு ஆபரேஷன்."

அவன் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தான்.

என் பிழைப்பு என்னவென்று இங்கே சொல்லிவிடுகிறேன். வலைப்பக்கத்தில் வரும் படிவம் எல்லாப் பிரவுசரிலும் ஒரே மாதிரி நடந்துகொள்ள ஸ்கிரிப்ட் எழுதுவது. ஒரு கட்டளையைப் புதிய பிரவுசர் சொன்னவுடன் புரிந்துகொள்ளும், பழையது திருதிருவென்று விழிக்கும். விழிப்பதற்குக் கைபிடித்துச் சொல்லிக்கொடுக்கவேண்டியது என் வேலை. காலியான கட்டத்துக்குள் மங்கலாக ஒரு மாதிரிச் சொல் தெரிகிறதல்லவா, எழுதத் தொடங்கியதும் மறைந்துவிடுமே, அதைப் புதிய பிரவுசர் தானே பார்த்துக்கொள்ளும். அது வெறும் மாதிரி, பதில் அல்ல என்று அதற்குத் தெரியும். பழையதற்கு அந்த வித்தை தெரியாது. அதற்காக என் ஸ்கிரிப்ட் ஒரு தந்திரம் செய்யும். மாதிரிச் சொல்லை நிஜமான பதில் போலவே கட்டத்துக்குள் எழுதி வைக்கும். அனுப்பும் நேரத்தில், கட்டத்தில் இன்னும் அதே சொல்தான் இருக்கிறது என்றால், இவர் ஒன்றும் எழுதவில்லை போலிருக்கிறது என்று அதை அழித்துவிட்டு அனுப்பும்.

ஒவ்வாமைக் கட்டத்துக்கு ஒரு மருந்துப் பெயர் மாதிரியாக வேண்டியிருந்தது. எனக்கு முதலில் நினைவுக்கு வந்ததைப் போட்டேன். 'உதாரணம்: பென்சிலின்.'

அதில் ஒரு குறையும் இல்லை. 'உதாரணம்' என்ற சொல்லோடு சேர்த்து எந்த நோயாளியும் பதில் எழுதமாட்டார். நாலு நாளைக்கு முன்னால் மேனேஜர் வந்தார். "ஃபோன்ல பார்த்தா எழுத்து பாதியில வெட்டுப்படுதும்மா. அந்த உதாரணத்தை எடுத்துடு, மருந்து பேரு மட்டும் போதும்" என்றார். எடுத்துவிட்டேன். அரை நிமிட வேலை.

அந்த நிமிடத்திலிருந்து, பழைய பிரவுசரில் யாராவது உண்மையிலேயே 'பென்சிலின்' என்று பதில் எழுதினால், அதை மாதிரிச் சொல் என்று நினைத்து என் ஸ்கிரிப்ட் அழித்துவிடும். வேறு எந்த மருந்தை எழுதினாலும் போய்ச் சேரும். அந்த ஒரு மருந்து மட்டும் சேராது.

"காலியா வந்தா 'ஏதும் இல்லை'ன்னு அச்சாகிறது எவன் வேலை?" என்றேன்.

"என் வேலை" என்றான் பூட்டு. "வெறுங்கட்டமா விட்டா நல்லா இல்லைன்னு சொன்னாங்க."

"இந்த அழிக்கிற ஸ்கிரிப்டை எந்த மடையன் எழுதினது? சொல் ஒண்ணா இருந்தா போதும், அழிச்சுடுவியா? ஆள் தொட்டாங்களா இல்லையான்னு பார்க்க வேணாம்?" என்றேன்.

பூட்டு கோப்பின் முதல் வரியைக் காட்டினான். எழுதியவர் பெயருக்கான இடத்தில் இரண்டு எழுத்துகள் இருந்தன. என் பெயரின் எழுத்துகள். ஐந்து வருடத்துக்கு முந்திய தேதி; எழுதியதே எனக்கு மறந்திருந்தது.

என்ன மாற்றம் செய்தாலும் மூலையில் இருக்கும் பழைய கணினியில் ஓட்டிப் பார்க்காமல் வெளியே விடக்கூடாது என்று எங்கள் அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. விதி போட்டவளே நான்தான். அந்தக் கணினிக்குத் 'தூங்குமூஞ்சி' என்று பெயர். எழுந்து கண் விழிக்கப் பத்து நிமிடம் ஆகும். ஒரு சொல்லை எடுத்ததற்குப் பத்து நிமிடம் யார் உட்காருவார்கள்? நான் உட்காரவில்லை. ஊருக்குத்தான் உபதேசம்.

"பதிவைத் திருத்திடட்டா?" என்றான் பூட்டு.

"திருத்தி என்ன? தாள் அச்சாகி ஃபைலோட மேல போயிருக்கும். அவங்க தாளைத்தான் பார்ப்பாங்க. நான் போறேன். நீ ஃபாரத்தை நிறுத்து. இனிமே ஒருத்தரும் அதுல எழுதக்கூடாது."

மேனேஜர் கதவருகே வந்து நின்றார். "நிறுத்தறதா? இன்னைக்குத்தான் அந்த ஆஸ்பத்திரி டைரக்டர் எல்லாக் கிளைக்கும் இதைக் காட்டறாரு. நிறுத்தினா யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன்" என்றான் பூட்டு. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், இடுப்பில் சங்கிலி போட்டு மாட்டியிருந்த ஸ்கூட்டர் சாவியைக் கழற்றி என் பக்கம் நீட்டினான். அந்தச் சாவியை அவன் பெண்டாட்டிக்குக்கூடக் கொடுத்ததில்லை.

பத்து இருபத்து நாலு.

எனக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியும், ஆனால் நன்றாகத் தெரியாது. முதல் சிக்னலில் ஒரு லாரி குறுக்கே நின்றது. இரண்டாவதில் சிவப்பு விழுந்தது, எண் நூற்றிருபதிலிருந்து கீழே இறங்க ஆரம்பித்தது. நின்ற இடத்திலிருந்து மறுபடி மாமாவுக்கு அழைத்தேன், மறுபடி அணைக்கப்பட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் இன்னும் புல்லாங்குழல்தான். பக்கத்துக் காரில் ஒரு குழந்தை என்னைப் பார்த்து நாக்கை நீட்டியது. எண் எழுபத்தெட்டில் இருந்தது. மேனேஜரைத் திட்டினேன், ஆஸ்பத்திரிக்காரன் கணினி மாற்றாததற்குத் திட்டினேன், பழைய பிரவுசரைச் செய்த கம்பெனியை அதன் வம்சத்தோடு திட்டினேன். திட்டி முடிக்கவும் பச்சை விழவும் சரியாக இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தினேனா சாய்த்தேனா தெரியவில்லை. பத்து நாற்பத்து மூன்று.

வரவேற்பறையில் பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். அந்தத் தடித்த திரையில் 'சிறிது நேரம் இயங்காது' என்ற ஒற்றை வரி. பூட்டு சொன்னபடி செய்துவிட்டான். மேசைக்குப் பின்னாலிருந்த பெண் என் கழுத்தில் தொங்கிய அலுவலக அட்டையைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"வந்துட்டீங்களா! ஃபாரம் போயிடுச்சுங்க. இவ்வளவு பேரு நிக்கறாங்க. சீக்கிரம் சரிபண்ணுங்க, இங்க உட்காருங்க."

"அதுக்கு வரல. பதினோரு மணி பித்தப்பை ஆபரேஷன் எங்க? அவங்க தாள் தப்பு. பென்சிலின் ஆகாது அவங்களுக்கு."

"ஃபைல் மேல போயிடுச்சு. எல்லாம் அதுல தெளிவா இருக்கும், பயப்படாதீங்க."

"அதுல இருக்கறதுக்குத்தாங்க பயப்படறேன்!"

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் உள்தொடர்பு ஃபோனை எடுத்து எண்ணை அழுத்தினாள். காதில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். வைத்துவிட்டு மறுபடி அழுத்தினாள்.

"எடுக்கல. ரெண்டாவது மாடி. படியேறிப் போங்க, லிஃப்ட் லேட் ஆகும்" என்றாள். நல்ல பெண். அவளை அதட்டியதற்கு நான் பிறகு மன்னிப்புக் கேட்டேன்.

இரண்டாவது மாடி நடைபாதையில், வரிசையாகப் போட்ட நாற்காலிகளில் கடைசி நாற்காலியில் மாமா. மடியில் அத்தையின் கைப்பை. சட்டைப்பையில் இரண்டு ஃபோன்கள், இரண்டும் அணைந்து, நல்ல பிள்ளைகளாக. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வேலையை விட்டுட்டு எதுக்கும்மா வந்தே?"

"அத்தை எங்க மாமா?"

"உள்ள கூட்டிட்டுப் போயி கால் மணி ஆச்சு."

"பென்சிலின் ஆகாதுன்னு சொன்னீங்களா?"

"அதெல்லாம் நர்ஸ் கேட்டாங்களே. உங்க அத்தை விடுவாளா? 'எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கு, என் தம்பி மக செஞ்ச ஃபாரம், அதைப் படிச்சுப் பாரு'ன்னு பெருமையா சொன்னா."

ஆபரேஷன் அறைக் கதவில் இருந்த மணியை அழுத்தினேன். கையை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தேன்.

கதவு ஒரு முழம் திறந்தது. பச்சை உடுப்பில் ஒரு நர்ஸ். "இது என்ன ஸ்கூல் மணியா?"

"உள்ள இருக்காங்களே, பித்தப்பை. அவங்களுக்குப் பென்சிலின் ஆகாது. உயிருக்கே ஆபத்து. கொடுக்காதீங்க."

"ஃபாரத்துல ஏதும் இல்லைன்னு போட்டிருக்கே. நானே பார்த்தேன்."

"அந்த ஃபாரத்தை எழுதினது நான்தான். அது பொய் சொல்லுது."

அவர் என் முகத்தைப் பார்த்தார், கழுத்து அட்டையைப் பார்த்தார், எனக்குப் பின்னால் எழுந்து நின்றிருந்த மாமாவைப் பார்த்தார். மாமா, "ஆமாம்மா. ஆகாது. ஒரு தரம் பொழச்சு வந்தவ" என்றார். நர்ஸ் கதவை விட்டுவிட்டு உள்ளே ஓடினார். அது தானாக மூடிக்கொண்டது.

பத்து நாற்பத்தொன்பது.

மாமா உட்கார்ந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் தன் ஃபோனை எடுத்து உயிர்ப்பித்தார். என் அழைப்புகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. ஒரு மணிச்சத்தம், இன்னொன்று, இன்னொன்று. பதினாலு. அவர் ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு, ஃபோனைக் கைப்பைமேல் வைத்து அதன்மேல் தன் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார்.

"அணைக்கச் சொல்லிப் போட்டிருந்ததும்மா" என்றார்.

நான் அழுதேன். அவரைப் பார்த்து அழவில்லை, கதவைப் பார்த்து அழுதேன். எட்டு வயதில் அந்தப் படிக்கட்டில் எனக்கு வந்த அதே பயம், ஒரு துளி குறையாமல், முப்பது வருடம் எங்கேயோ பத்திரமாக இருந்துவிட்டு இப்போது வந்து நின்றது. அன்றைக்காவது யாரோ போட்ட ஊசி. இன்றைக்கு நான் போடுகிற ஊசி. கதவில் ஒரு சின்னக் கண்ணாடி இருந்தது, அதிலும் உள்பக்கம் திரை. காதை வைத்துக் கேட்டேன். ஏதோ சக்கரம் உருளும் சத்தம். யாரோ இருமினார்கள். அத்தையாக இருக்குமோ, தொண்டை அடைக்கிறதோ என்று காதை இன்னும் அழுத்தினேன்.

ஆறு நிமிடம் கழித்து நர்ஸ் வெளியே வந்தார். முகமூடியைக் கீழே இறக்கினார்.

"ஏத்தல. ஊசியில எடுத்து, தட்டுல ரெடியா இருந்துச்சு. கையில குழாயும் போட்டாச்சு. ஏத்த வேண்டியதுதான் பாக்கி. இப்ப டாக்டர் வேற மருந்து எழுதிட்டாரு."

மாமா கைப்பையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

"அவங்ககிட்ட நேர்லதாங்க கேட்டேன்" என்றார் நர்ஸ், என்னிடம். குரலில் கோபம் இருந்தது. "'கம்ப்யூட்டர்ல இருக்கு, படி'ன்னாங்க. படிச்சேன். இல்லைன்னு இருந்துச்சு. நான் எதை நம்பறது?"



அறுவைச் சிகிச்சை நல்லபடியாக நடந்துகொண்டிருந்தபோது நான் கீழே வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தேன். பூட்டு ஒரு பட்டியல் அனுப்பியிருந்தான். நாலு நாளில் பழைய பிரவுசர்களிலிருந்து வந்து 'ஏதும் இல்லை' என்று அச்சான படிவங்கள், அத்தையினுடையது போக, பத்தொன்பது. இதில் எது நிஜமான இல்லை, எது நான் அழித்த இல்லை என்று கண்டுபிடிக்க ஒரு வழியும் கிடையாது. அழித்தது அழித்ததுதான், தடம்கூட இல்லை. ஆகவே ஒவ்வொருவருக்கும் ஃபோன். நானும் அந்த வரவேற்புப் பெண்ணும் பங்கு போட்டுக்கொண்டோம். பதினேழு பேர் நிஜமாகவே இல்லை என்றார்கள். ஒருவர் ஏற்கெனவே சிகிச்சை முடிந்து வீட்டில் நலமாக இருந்தார். "எனக்கும் பென்சிலின் ஆகாதுதான். டாக்டர் வாய்விட்டுக் கேட்டாரு, சொன்னேன்" என்றார். மீதி ஒருவர் ஒரு பள்ளிக்கூட வாகன ஓட்டுநர். அவருக்கு மறுநாள் காலை அறுவைச் சிகிச்சை. "பென்சிலின்தாங்க. அதான் அன்னைக்கே எழுதிட்டேனே" என்றார். மறுபடி ஒரு முறை சொல்லச் சொல்லி, வரவேற்புப் பெண் அதைச் சிவப்புப் பேனாவால் ஃபைலின் மேலட்டையில் எழுதினாள்.

மாலை நாலரைக்கு அத்தை நன்றாகக் கண் விழித்தார். சன்னலோரக் கட்டில். முகம் வெளுத்திருந்தது, குரல் கரகரத்தது, ஆனால் வாய் பழைய வாய்.

"என்னடி, உன் தலை என்ன காக்கா கூடு மாதிரி இருக்கு?"

"அத்தை, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

சொன்னேன். ஸ்கிரிப்ட், மாதிரிச் சொல், அழித்தது எல்லாம். அத்தைக்குக் கணினி புரியாது, படிவம் புரியும். கடைசியாக, "நீங்க கஷ்டப்பட்டு பென்சிலின்னு அடிச்சிருப்பீங்க. அதை நான் எழுதின ஸ்கிரிப்டே அழிச்சுடுச்சு" என்றேன்.

"நான் எங்கடி அடிச்சேன்?" என்றார் அத்தை.

"என்ன?"

"நான் அடிக்கவே இல்லையே. நீதான் அடிச்சு வெச்சிருந்தியே. அந்தக் கட்டத்துக்கு வந்தேன், பென்சிலின்னு ஏற்கெனவே இருந்துச்சு. கம்ப்யூட்டருக்கு என் பேரைப் பார்த்ததும் தெரிஞ்சிருக்கு, நீ முன்னாடியே போட்டு வெச்சிருக்கேன்னு நெனைச்சேன். நிரம்பின கட்டத்துல கை வைக்கக் கூடாதுன்னு முப்பத்தோரு வருஷப் பழக்கம். அப்படியே விட்டுட்டேன். திரையிலேயே பிழை பார்த்தாச்சுன்னு அச்சான தாளைப் படிக்கவும் இல்ல." மாமாவின் பக்கம் திரும்பினார். "உங்ககிட்டகூடச் சொன்னேனே."

மாமா தலையாட்டினார். "ஆமா. 'பார்த்தீங்களா, நம்ம புள்ள மறக்கல'ன்னு சொன்னா."

என்னால் அவர்கள் இருவரையும் பார்க்க முடியவில்லை. தரையைப் பார்த்தேன்.

"இல்ல அத்தை. அது உங்களுக்காகப் போட்டது இல்ல. எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும்."

"எல்லாருக்குமா?"

"ஆமா."

"அப்ப ஊருக்கெல்லாம் என் எமன் பேரைக் காட்டிட்டு, எனக்கு மட்டும் அழிச்சுட்டே" என்றார் அத்தை. சிரிக்கவில்லை.

பக்கத்துக் கட்டிலில் யாரோ தண்ணீர் கேட்டார்கள். மாமா எழுந்து போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

"உலகத்துல வேற மருந்தே இல்லையா? ஏன் அதைப் போட்டே?" என்றார் அத்தை.

"எனக்கு வேற எதுவும் ஞாபகத்துக்கு வரல அத்தை."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஊசிக்குழாய் மாட்டியிருந்த கையால் என் தலைமுடியை ஒதுக்கப் போனார், குழாய் எட்டவில்லை, விட்டுவிட்டார்.

"மேனேஜர் அந்தச் சொல்லை எடுக்கச் சொன்னாரு. அதோட அந்தப் பழைய கம்ப்யூட்டர்..." என்று ஆரம்பித்தேன்.

"நான் அடிச்சதுல பிழை வந்தா என்ன பண்ணுவேன் தெரியுமா?"

"அழிப்பீங்க."

"அழிக்கவே கூடாது. அதுதான் முதல் பாடம். குறுக்கே ஒரு கோடு. அடியில பிழை என்னன்னு தெரியணும். பக்கத்துல சரியானதை அடிக்கணும். அதுக்குப் பக்கத்துல, பிழை பண்ணினவங்க சுருக்கொப்பம் போடணும். மை சரியில்ல, மெஷின் பழசு, வக்கீல் வேகமா சொன்னாருன்னு எல்லாம் ஓரத்துல எழுத முடியாது. அதுக்கு இடம் கிடையாது. ரெண்டு எழுத்துக்குத்தான் இடம்." மாமாவிடம் கையை நீட்டினார். "என் ஃபோனைக் குடுங்க."

குடும்பக் குழுவைத் திறந்தார். காலையில் அனுப்பிய தன் படத்தைத் தேடிப் பிடித்தார். அதன் கீழ் இதுவரை பத்தொன்பது கட்டைவிரல்கள் சேர்ந்திருந்தன. குழாய் மாட்டாத கையின் ஒரே விரலால், ஒவ்வொரு எழுத்தாக, எனக்கு உதவ இடம் கொடுக்காமல் அடித்தார். அடித்து முடிக்கப் பல நிமிடம் ஆயிற்று. 'மேற்கண்ட படிவத்தில் "ஏதும் இல்லை" என்பது பிழை. "பென்சிலின்" எனத் திருத்தி வாசிக்கவும்.' அனுப்பிவிட்டு ஃபோனை என் கையில் வைத்தார்.

"கீழ ஒப்பம் போடு."

உடனே போடவில்லை. முதலில், 'பழைய பிரவுசர் காரணமாக' என்று தொடங்கினேன். அத்தை பார்த்துக்கொண்டிருந்தார். அழித்தேன். 'மேனேஜர் கேட்டதால்' என்று எழுதினேன். அதையும் அழித்தேன். பிறகு, ஐந்து வருடத்துக்கு முன்னால் அந்தக் கோப்பின் முதல் வரியில் வெகு கெத்தாகப் போட்ட அதே இரண்டு எழுத்துகளை அடித்து அனுப்பினேன். பத்தொன்பது சொந்தக்காரர்களும் பார்க்கப் போகிறார்கள். பார்க்கட்டும்.

அத்தை ஃபோனை வாங்கி, கண்ணுக்கு அருகில் கொண்டுபோய் வாசித்தார். பிழை பார்க்கும் அதே முகம்.

"தேதி போடலையே" என்றார்.

வாங்கிப் போட்டேன்.